கடவுளை நம்பவில்லை, ஆனால் கோயில்காட்டில் செருப்பைக் கழற்றுகிறேன்: நான் யார்?

நீங்கள் நாத்திகராகவே இருக்கலாம். நாத்திகம் மறுப்பது கடவுளை மட்டும்தான். மரத்துக்கும் பாறைக்கும் உயிர் உண்டு என்ற உணர்வு அனிமிசம். இரண்டும் ஒருவரிடமே இருக்க முடியும்.

நம் பக்கம் சாமியும் இடமும் பிரியாமல் கிடப்பதால்தான் இந்தக் குழப்பம் என்று நினைக்கிறேன். அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்பருக்குச் சிலை கிடையாது. சந்தனம் பூசிய கதவைத்தான் கும்பிடுகிறோம்.

இதைச் செய்து பாருங்கள். மதுரைப் பக்கம் இருக்கும் இடையபட்டி வெள்ளிமலைக் கோயில்காட்டில் ஒரு கிளையை ஒடிப்பதாக நினையுங்கள். கை ஏன் தயங்குகிறது? சாமி தண்டிக்கும் என்றால் உள்ளுக்குள் கடவுள் நம்பிக்கை இருக்கிறது. மரத்துக்கு வலிக்கும் என்றால் அனிமிசம். ஊர் பேசும் என்றால் வெறும் பழக்கம்.

இயற்கையை வணங்குபவர்களைச் சிலர் ‘பேகன்’ (pagan) என்பார்கள்; அந்தப் பெயர் உங்களுக்குப் பொருந்தாது. இன்று அதைச் சொல்லிக்கொள்பவர்கள் பெரும்பாலும் ஐரோப்பாவின் பழஞ்சமயங்களை மீட்டெடுப்பவர்கள்.

அப்புறம், பெயர் கிடைத்துவிட்டது என்று அம்மாவிடம் வாதாடப் போகாதீர்கள். பங்காளிகள் கூடும் படையலுக்கு நாத்திகரும் தாராளமாகப் போகலாம்.