பழைய கணினி சர்வரைத் திறக்கும்போது உறைந்துபோவது ஏன்?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் விண்டோஸ் 7 ஓடும் ஆறு பழைய கணினிகள் இருக்கின்றன. இரண்டு மாதங்களுக்கு முன் பழைய சர்வரை நிறுத்திவிட்டுப் புதியதை வைத்தோம். அதிலிருந்து பகிர்ந்த ஃபோல்டரைத் திறந்தாலே இந்த ஆறும் அரை நிமிடம், சில நேரம் அதற்கு மேலும் அப்படியே நின்றுவிடுகின்றன. சர்வரோடு சேர்த்து வாங்கிய புதிய கணினிகளில் இந்தத் தொல்லை இல்லை. பிங் செய்தால் சர்வர் உடனே பதில் தருகிறது. ரேம் கூட்டியும் பயனில்லை. ஆறையும் மாற்றித்தான் ஆக வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டு மாற்றாதீர்கள். முதலில் ஒரு சோதனை. சர்வரில் இருக்கும் கோப்புகளையெல்லாம் சேமித்து மூடிவிட்டு, அடுத்த முறை திரை உறையும்போது நெட்வொர்க் கேபிளை உருவுங்கள். ஓரிரு விநாடியில் திரை விடுபட்டால், கணினி திணறவில்லை, யாருடைய பதிலுக்கோ காத்திருந்தது என்று பொருள். காத்திருக்கும் கணினிக்கு எவ்வளவு ரேம் போட்டாலும் காத்துக்கொண்டுதான் இருக்கும்.

யாருக்காகக் காத்திருக்கிறது? நிறுத்திவிட்ட பழைய சர்வருக்காகத்தான் என்பது என் கணிப்பு. புதிய கணினிகளுக்கு அந்த சர்வரைத் தெரியவே தெரியாது. பழைய ஆறிலும் அதன் பெயர் பல மூலைகளில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

உறையும் நேரத்தை கடிகாரம் வைத்து அளந்து பாருங்கள். பதிலே வராத முகவரிக்கு விண்டோஸ் 7 இணைப்பு கேட்கும்போது முதலில் 3 விநாடி, அடுத்து 6, அப்புறம் 12 என்று காத்திருந்து பார்த்துவிட்டுத்தான் கைவிடும். மொத்தம் 21 விநாடி. உங்கள் அளவு 21-ஐ ஒட்டியோ அதன் மடங்காகவோ வந்தால் சந்தேகமே வேண்டாம், இல்லாத ஒரு இடத்தைக் கணினி தேடிக்கொண்டிருக்கிறது.

கமாண்ட் பிராம்ப்டில் 'நெட் யூஸ்' (net use) என்று தட்டினால் இணைத்து வைத்த டிரைவ்கள் வரிசையாக வரும். பழைய சர்வரின் பெயரோ ஐபி எண்ணோ தெரியும் ஒவ்வொரு டிரைவையும் எக்ஸ்ப்ளோரரில், அதாவது ஃபோல்டர்களைக் காட்டும் ஜன்னலில், வலது க்ளிக் செய்து டிஸ்கனெக்ட் கொடுங்கள். க்ளிக் செய்தாலே உறைகிறது என்றால் அதே கமாண்டில் டிரைவ் எழுத்தைச் சொல்லி நீக்கலாம். நீங்கள் திறப்பது புதிய சர்வரின் ஃபோல்டர்தான். ஆனால் எக்ஸ்ப்ளோரர் இடப்பக்கப் பட்டியலுக்காக எல்லா டிரைவையும் எட்டிப் பார்க்கிறது. செத்துப்போன டிரைவ் ஒன்று இருந்தாலும் அங்கே மாட்டிக்கொள்ளும்.

அதோடு நிறுத்திவிடாதீர்கள். டெஸ்க்டாப் ஷார்ட்கட்டுகளையும் பாருங்கள். பழைய சர்வர் வழியாக இணைத்திருந்த பிரிண்டரைக் கட்டாயம் பாருங்கள்; பலர் மறப்பது இதைத்தான். அது டீஃபால்ட் பிரிண்டராக இருந்துவிட்டால் வேர்டும் எக்ஸெலும் திறக்கும்போதே நிற்கும். எந்தப் பெயருக்கு எந்த ஐபி எண் என்று கணினிக்குள்ளேயே குறித்து வைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் யாராவது எப்போதோ கையால் எழுதிய வரி இருக்கலாம். பெயரைக் கேட்டு ஐபி எண்ணைச் சொல்லும் டிஎன்எஸ்ஸின் முகவரியும் அப்படியே: பழைய சர்வரே டிஎன்எஸ்ஸாகவும் இருந்திருந்தால், ஒவ்வொரு பெயருக்கும் கணினி முதலில் அதைத்தான் கேட்கும். புதிய சர்வரைப் பெயரால் திறந்தால் தாமதம், ஐபி எண்ணால் திறந்தால் உடனே வருகிறது என்றால் கோளாறு டிஎன்எஸ்ஸில்.

சரி, ஃபோல்டர் உடனே திறக்கிறது, பெரிய கோப்பை நகலெடுக்கும்போது மட்டும் நிற்கிறது என்றால் கதை வேறு. டாஸ்க் மேனேஜரில் நெட்வொர்க்கிங் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நகலெடுங்கள். கோடு ஒரு துள்ளு துள்ளி, தரையோடு படுத்து, மறுபடி துள்ளுகிறதா? நெட்வொர்க் கார்டின் அட்வான்ஸ்டு பகுதியில் 'ஸ்பீட் அண்ட் டூப்ளெக்ஸ்' எப்படி இருக்கிறது என்று பாருங்கள். கேபிள்கள் வந்து சேரும் பழைய நெட்வொர்க் ஸ்விட்சுக்காக யாரோ '100 ஃபுல் டூப்ளெக்ஸ்' (ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் செய்வது) என்று பூட்டியிருப்பார்கள். மறுமுனையில் தானியங்கியாக இருக்கும் புதிய ஸ்விட்ச், எப்படி இணைவது என்ற பேச்சுக்கு ஆள் வராததால், ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் பேசும் ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு இறங்கிவிடும். ஒரு பக்கம் ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் செய்ய, மறுபக்கம் அதை மோதல் என்று எடுத்துக்கொள்கிறது. பிங் சின்னஞ்சிறு பொட்டலம் என்பதால் தப்பித்துப் போய்விடும். அதனால்தான் பிங்கை நம்பி முடிவெடுக்கக் கூடாது. இரண்டு முனையையும் 'ஆட்டோ' ஆக்குங்கள். கேபிளின் பிளாஸ்டிக் க்ளிப் உடைந்து பிளக் ஆடுகிறதா என்றும் தொட்டுப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். பழைய கணினி என்றதும் சர்வரில் கோப்புப் பகிர்வு முறையின் பழைய பதிப்பான எஸ்எம்பி 1-ஐ ஆன் செய்யச் சொல்பவர்கள் உண்டு. 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை பரவியது அந்த வழியில்தான். விண்டோஸ் 7-க்கு எஸ்எம்பி 2.1 தெரியும், அதற்கு இது தேவையே இல்லை.

முதலில் ஒரே ஒரு கணினியில் இவற்றைச் செய்து, ஒரு நாள் முழுக்க வேலை பார்க்க விடுங்கள். உறைவது நின்றால் மற்ற ஐந்துக்கும் அதே வேலைதான். விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு ஆதரவு 2020 ஜனவரி 14-லேயே முடிந்துவிட்டது என்பதால் அந்த ஆறையும் என்றாவது மாற்றத்தான் வேண்டும். ஆனால் அது வேறு கணக்கு. இந்த உறைதலுக்காக மாற்ற வேண்டியதில்லை.