ரிப்போர்ட் நார்மல், வயிறு மட்டும் கேட்பதில்லை

கேள்வி: எனக்கு வயது 20. விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறேன். ஒன்றரை வருடமாக வயிற்றுத் தொல்லை. தேர்வு நாளிலும், வகுப்பின் முன்னால் நின்று பேச வேண்டிய நாளிலும் காலையிலேயே வயிறு முறுக்கி வலிக்கும். கிளம்புவதற்குள் நான்கு முறையாவது கழிப்பறைக்குப் போய்விடுவேன். போய் வந்தால் வலி குறைகிறது. ஆனால் முழுசாகப் போகாத மாதிரியே இருக்கிறது. மற்ற வாரங்களிலும் ஓரிரு நாள் இப்படித்தான். விடுமுறையில் வீட்டுக்குப் போனால் பெருமளவு சரியாகிவிடும். ரத்தம், மலம், ஸ்கேன் எல்லாம் நார்மல். டாக்டர் 'ஐபிஎஸ்' (Irritable Bowel Syndrome, எரிச்சல் குடல் நோய்) என்றார். வீட்டில், "உடம்புக்கு ஒன்றுமில்லை, எல்லாம் மனசுதான்" என்கிறார்கள். நான் நடிக்கிறேனா? இது புற்றுநோயில் கொண்டுபோய் விடுமா?

பதில்: நீங்கள் நடிக்கவில்லை. ஐபிஎஸ் புற்றுநோயாகவும் மாறாது. மற்றதை அப்புறம் பார்ப்போம். இந்த இரண்டு பயமும் போனாலே வயிறு கொஞ்சம் அடங்கும்.

வாரத்தில் ஒரு நாளாவது வயிற்று வலி, அது மலம் கழிப்பதோடு தொடர்புடையதாக இருப்பது, மலம் போகும் தடவையோ தன்மையோ மாறுவது, கடைசி 3 மாதமாக இப்படியே நீடிப்பது, தொல்லை தொடங்கி 6 மாதமாவது ஆகியிருப்பது: ஐபிஎஸ் என்று சொல்ல இவற்றைத்தான் பார்க்கிறோம். நீங்கள் எழுதியிருப்பது இதோடு ஒத்துப்போகிறது. ஸ்கேனில் கட்டி போன்ற மாற்றங்கள் தெரியலாம். குடல் எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறது, சின்ன அசைவையும் எவ்வளவு கூர்மையாக உணர்கிறது என்பதெல்லாம் அதில் தெரியாது. பெருங்குடலின் கீழ்ப்பகுதியில் சிறு பலூனை வைத்துக் காற்றை நிரப்பிப் பார்க்கும் சோதனையை 1970களிலேயே செய்திருக்கிறார்கள். மற்றவர்கள் சும்மா இருக்கும் அளவிலேயே ஐபிஎஸ் உள்ளவர்களில் பலருக்கு வலி வந்துவிட்டது. வலி நிஜம்தான்.

அப்படியானால் தேர்வுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? பதற்றத்தில் மூளை அனுப்பும் சமிக்ஞைகள் பெருங்குடலை வேகப்படுத்தும். தேர்வு நாள் காலையில் விடுதிக் கழிப்பறை வாசலில் நிற்கும் வரிசையைப் பாருங்கள், பாதிப்பேருக்கு அதே கதைதான். அவர்களுக்கு வினாத்தாள் கைக்கு வந்ததும் அடங்கிவிடும். கூர்மையாகிப்போன குடலுக்கு அடங்காது. தூக்கமின்மை, வீட்டு ஏக்கம், மதிப்பெண் ஒப்பீடு, மனம் விட்டுப் பேச ஆளில்லாத தனிமை, சிறுவயதில் பட்ட கஷ்டங்கள் எல்லாமே இந்தக் கூர்மையைக் கூட்டக்கூடியவை. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் உங்களுக்கு வாந்திபேதி ஏதும் வந்ததா? குடல் தொற்றுக்குப் பிறகு ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு ஐபிஎஸ் தொடங்குகிறது. அந்தச் சமயத்தில் மன அழுத்தமும் இருந்தால் வாய்ப்பு இன்னும் அதிகம்.

"எல்லாம் மனசுதான்" என்பது பாதி கூடச் சரியில்லை. ஆஸ்திரேலியாவில் 12 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்றில், பதற்றம் முதலில் இருந்து வயிறு பின்னால் கெட்டவர்களும் இருந்தார்கள்; வயிறு முதலில் கெட்டுப் பதற்றம் பின்னால் வந்தவர்களும் இருந்தார்கள்.

என்னிடம் வரும் மாணவர்களிடம், "வகுப்பில் எங்கே உட்காருவாய்?" என்று கேட்பேன். பெரும்பாலும், "கதவுப் பக்கம்" என்பார்கள். எந்த மாடியில் கழிப்பறை, எதில் தண்ணீர் வரும் எல்லாம் மனப்பாடம். பஸ்ஸில் போகும் சுற்றுலாவுக்கு ஏதோ சாக்குச் சொல்லி நின்றுவிடுவார்கள். தேர்வன்று பட்டினி. நாள் முழுக்க ஒரு காது வயிற்றின் மேலேயே இருந்தால் அது முனகுவது கூட அலறலாகத்தான் கேட்கும். வலியை விட, வலி எப்போது வருமோ என்ற இந்தக் காவல்தான் ஆளைத் தேய்க்கிறது என்பது என் அனுபவம்.

ஆகவே தேர்வன்று அரை மணி நேரம் முன்னதாக எழுந்து, கொஞ்சமாகச் சாப்பிட்டுவிட்டுக் கழிப்பறைக்குப் போங்கள். சாப்பிட்டதும் குடல் அசைவது இயல்பு, அதை நமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். உணர்வே இல்லாமல் 'எதற்கும் ஒரு தடவை' என்று போவதை மட்டும் விடுங்கள். காபியைக் குறையுங்கள். வயிறு ஏறி இறங்கும்படி மெதுவாக மூச்சு விடுவதைத் தினமும் பத்து நிமிடம் பழகுங்கள். தேர்வன்று மட்டும் செய்தால் பலிக்காது. அறைத்தோழி ஒருத்தியிடமாவது விஷயத்தைச் சொல்லுங்கள். தேர்வறையில் வெளியே போய்வர அனுமதி கேட்டு வைப்பதில் வெட்கமே வேண்டாம். அனுமதி கிடைத்தவர்களில் பலர் எழுந்தே போவதில்லை!

இணையத்தைப் பார்த்து ஒவ்வொரு உணவாக நிறுத்தாதீர்கள். உணவுக் கட்டுப்பாடு தேவையென்றால் உணவியல் நிபுணரின் மேற்பார்வையில் சில வாரங்களுக்கு மட்டும். மனநல ஆலோசகர் தரும் நடத்தைச் சிகிச்சைக்கு நல்ல பலன் உண்டு. டாக்டர் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் எழுதினால், 'இது மனச்சோர்வு மாத்திரை ஆயிற்றே' என்று பயப்பட வேண்டாம். இங்கே அது வலியைக் கடத்தும் நரம்புகளை அமைதிப்படுத்தவே தரப்படுகிறது.

மலத்தில் ரத்தம், தானாக எடை குறைதல், காய்ச்சல், ரத்தசோகை, தூக்கத்தைக் கலைத்து எழுப்பும் பேதி ஆகியவற்றில் ஏதாவது இருந்தாலோ, குடும்பத்தில் குடல் புற்றுநோயோ குடல் அழற்சி நோயோ இருந்தாலோ மறுபடி பரிசோதிக்க வேண்டும். வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லாமல், அழுகையாகவே வந்தால் அதையும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். அடுத்த முறை போகும்போது இரண்டு வாரக் குறிப்பு ஒன்று கையில் இருக்கட்டும்: எத்தனை தடவை போனீர்கள், வலி எப்போது வந்தது, முந்தைய இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், அன்று கல்லூரியில் என்ன நடந்தது. வீட்டிலிருந்து ஒருவரையும் கூட அழைத்துப் போங்கள். 'எல்லாம் மனசுதான்' என்பவர் யாரோ, அவரையே.