மெமரி மேப்பில் முதல் பதிவு மட்டும் சரி, மற்றதெல்லாம் குப்பை: ஏன்?

யூஇஎஃப்ஐ (கணினியைத் தொடங்கிவைக்கும் ஃபர்ம்வேர் இடைமுகம்) கொடுக்கும் மெமரி மேப்பை, அதாவது நினைவகத்தின் எந்தப் பகுதி எதற்கு என்று சொல்லும் பட்டியலை, உங்கள் கெர்னல் அச்சிடும்போது முதல் வரி மட்டும் சரியாக வருகிறது என்கிறீர்கள். இப்படி வந்தாலே முதலில் சந்தேகப்பட வேண்டியது, பதிவிலிருந்து பதிவுக்குத் தாவும் தூரத்தைத்தான்.

ஒரு பதிவுக்கான உங்கள் ஸ்ட்ரக்ட் 40 பைட். ஆனால் பல ஃபர்ம்வேர்கள் பதிவுகளை 48 பைட் இடைவெளியில் வைக்கின்றன. சாதாரண அரே போல இண்டெக்ஸ் போட்டால் இரண்டாவது பதிவை 8 பைட் முன்னாலேயே படிக்க ஆரம்பித்துவிடுவீர்கள். இரண்டாவது வரியைப் பாருங்கள்: தொடக்க முகவரி இருக்க வேண்டிய இடத்தில் 3, 7 மாதிரி சின்ன எண் இருக்கிறதா? அது முகவரியே இல்லை, அந்தப் பதிவின் வகை எண். மேப்பை வாங்கும் கெட்மெமரிமேப் ஃபங்ஷன் திருப்பித் தரும் டிஸ்கிரிப்டர் சைஸை (பதிவுக்குப் பதிவு உள்ள உண்மையான இடைவெளி) வைத்து, பைட் பாயிண்டராகத் தாவுங்கள்.

சரி, அதற்கப்புறமும் கெர்னல் விழுந்தால், நினைவகத்தை ஒதுக்கித் தரும் அலொகேட்டரைப் பாருங்கள். ஆரம்பத்தில் வகை 7-ஐ மட்டும் காலி இடமாக எடுங்கள். வகை 1, 2 லோடருடையவை (கெர்னலை ஏற்றும் நிரல்). கெர்னலும் இந்த மேப்பும் பெரும்பாலும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

இன்னொன்று, மேப் வாங்கியபின், ஃபர்ம்வேரின் பூட் சேவைகளை முடித்துவைக்கும் எக்ஸிட்பூட்சர்வீசஸை அழைக்கும்வரை ஃபர்ம்வேர் வழியாகத் திரையில் எதையும் அச்சிடாதீர்கள். அதுவே நினைவகம் ஒதுக்கி மேப்பை மாற்றிவிடலாம். அப்போது மேப்போடு வந்த மேப் கீ (அந்த மேப்பின் அடையாள எண்) பழசாகி அழைப்பு தோற்கும். டீபக் செய்திகளை நேராக சீரியல் போர்ட்டுக்கு அனுப்புவதே நல்லது.