கம்ப்ரசர்: 1176ஆ, எல்ஏ-2ஏவா?

கேள்வி: அண்ணே, பிரிக்பீல்ட்ஸ்ல வீட்டு ரூம்லயே சின்ன ஸ்டூடியோ வச்சிருக்கேன், பாடுறவங்க பல்லவில முணுமுணுத்துட்டு சரணத்துல கத்திடுறாங்க, சத்தத்தோட ஏத்த இறக்கத்தைச் சமப்படுத்துற கம்ப்ரசர் மெஷின்ல எதை வாங்கலாம்?
- வாசகர், கோலாலம்பூர்

பதில்: தம்பி, 1967ல வந்த 1176ங்கிற மாடல் வேகத்துக்குப் பேர் போனது, அட்டாக், அதாவது சத்தம் எகிறினதும் அதை அமுக்க எடுத்துக்கிற நேரம், 20 மைக்ரோசெகண்ட் வரைக்கும் குறையும், ஆனா அந்த நாப்பை வலது பக்கம் திருப்பினாதான் வேகம் கூடும், இது தெரியாம நான் ஒரு ராத்திரி பூரா தவில் அடியை சப்பையாக்கி வச்சிருந்தேன். எல்ஏ-2ஏ வேற மாதிரி, உள்ள ஒளிர்ற தகடு ஒண்ணு, அதைப் பாக்குற ஃபோட்டோசெல் ஒண்ணு, சத்தம் கூடக்கூட வெளிச்சமும் கூடும், அதை வச்சு மெஷின் சத்தத்தைக் குறைக்கும், குரல் பதமா அடங்கும். உன் கேஸுக்கு இதுதான் லா. செகண்ட் ஹேண்ட் அமெரிக்க மெஷின்னா பின்னாடி 115 வோல்ட்ல இருக்கான்னு பாரு, அப்படியே நம்ம 230ல சொருகிடாத, புகைதான் வரும்.