மகளின் காணியில் மகனின் மில்

கேள்வி: எனக்கு வயது 64. அம்பாறை மாவட்டத்தின் திருக்கோவில் ஊர்ப் பக்கம் 27 வருடமாகச் சின்ன அரிசி மில் ஒன்று நடத்துகிறேன். தொழில் பதிவு, வங்கிக் கடன் எல்லாம் என் பெயரில். மில் நிற்கும் வளவை 2016இல் மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டேன். கட்டாரில் இருக்கும் மூத்த மகன் புதிய மோட்டருக்கும் பொலிஷருக்கும் 12 இலட்சம் அனுப்பினான். இளையவன்தான் 8 வருடமாக என்னோடு நிற்கிறான். கலர் சோட்டர் (நிறம் மாறிய அரிசியைப் பிரித்தெடுக்கும் இயந்திரம்) போட்டு மில்லைப் பெருப்பிக்க வேண்டும் என்கிறான். மில்லை அவனுக்கே எழுதிவிடலாமா? மனைவி இருக்கிறா.

பதில்: ஐயா, எழுதலாம், ஆனால் உங்களிடம் இருப்பதைத்தான் எழுதலாம். வளவு இப்போது மகளுடையது. நிலத்தோடு சேர்ந்த கட்டடமும் அவவுக்கே போகும். சீதன உறுதியை எடுத்து, உங்களுக்குச் சீவிய உருத்து (உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமை) வைத்து எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வைத்திருந்தாலும் அது உங்கள் காலத்தோடு முடிந்துவிடும்.

அதனால் முதல் வேலை, வளவை மகளிடமிருந்து மில்லுக்குக் குத்தகையாக எழுதி எடுப்பது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதினால்தான் செல்லும். எழுதியதைக் காணிப் பதிவகத்தில் பதியுங்கள். காலம் 10 வருடமாவது இருக்கட்டும், எடுக்கப்போகும் கடனின் தவணைக்குக் குறையக் கூடாது. வாடகையை 3 வருடத்துக்கு ஒருமுறை திருத்துவதாக எழுதுங்கள். மகள்தானே என்று வாடகை இல்லாமல் விடாதீர்கள். நாளைக்கு மருமகனுக்கு அதுதான் மனக்குறையாகும். ஹலர், எலிவேட்டர், பொலிஷர், மோட்டர் ஒவ்வொன்றையும் தொடர் இலக்கத்தோடு பட்டியலிட்டு, இவை காணியோடு சேர்ந்தவை அல்ல என்று குத்தகையிலேயே போடுங்கள். நிலத்தில் போல்ட் அடித்து இறுக்கிய இயந்திரம் யாருடையது என்ற வழக்கு லேசில் முடியாது. மகளின் உறுதியைக் கடனுக்கு ஈடு வைக்கவும் வேண்டாம்.

இனித் தொழில். உங்கள் தனிப் பெயரிலுள்ள பதிவு உங்களோடு முடிகிற ஒன்று. விருப்பாவணம் (உயில்) இல்லாமல் நீங்கள் கண்மூடினால் 1876ஆம் ஆண்டின் மரபுரிமைக் கட்டளைச் சட்டப்படி அரைவாசி மனைவிக்கு, மற்ற அரைவாசி மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக. 8 வருடம் உமித் தூசி குடித்தவனுக்கு ஆறில் ஒன்று. மகளின் சீதனத்தை அந்தக் கணக்கில் சேர்ப்பதா என்ற வாதம் வேறு வரும். (சிலர் தேசவழமையைச் சொல்லிக் குழப்புவார்கள், அது வட மாகாணத் தமிழருக்கான வழமைச் சட்டம். முஸ்லிம் குடும்பங்களுக்கு வேறு சட்டம்.)

உங்கள் நிலைமைக்குப் பங்குடைமையை விடத் தனியார் கம்பனியே பொருந்தும் என்பது என் எண்ணம். பங்குடைமையில் வேறு விதமாக எழுதாவிட்டால் ஒருவரின் மரணத்தோடு அது கலைந்துவிடும். கம்பனி ஆளுக்குப் பின்னும் நிற்கும். 100 பங்கு என்று வைத்தால் தொடக்கத்தில் உங்களுக்கு 60, இளையவருக்கு 40. பிறகு வருடம் 10 பங்காக அவருக்கு மாற்றுங்கள். மூவருக்கும் சமமாகப் பிரிப்பது நியாயம் போலத் தெரியும், ஆனால் மில்லில் நிற்பவர் ஒவ்வொரு முடிவுக்கும் கட்டாருக்குப் போன் போட வேண்டிவரும். மூத்தவரின் 12 இலட்சத்தைக் கம்பனி அவருக்குத் தரவேண்டிய கடனாகத் தவணையோடு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ‘அண்ணன் சும்மா தந்தது’ என்று இன்று இருப்பது நாளை ‘என் காசில் வந்த மில்’ என்றாகும். பங்கை விற்பவர் முதலில் உடன்பிறந்தவர்களிடம் கேட்க வேண்டும், விலையைக் கணக்காளர் தீர்மானிப்பார் என்பதைக் கம்பனியின் அமைப்பு விதிகளில் சேருங்கள். வங்கிக் கடன் தானாக மாறாது. வங்கி எழுத்தில் சம்மதிக்க வேண்டும். பிரதேச சபை அனுமதி, சுற்றாடல் உரிமம், மின் கணக்கு எல்லாவற்றிலும் பெயரை மாற்றுங்கள்.

கையில் மிஞ்சும் பங்குகளுக்கு விருப்பாவணம் தேவை. நொத்தாரிசும் இரண்டு சாட்சியும், அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சி. பங்கு பெறுபவர் சாட்சியாக நிற்க வேண்டாம்.

சட்டத்தை விடப் பெரிய சிக்கல் மேசையில் கிடக்கும் கடன் கொப்பி. ‘வாத்தியார்ர மருமகன், 14 மூடை’ என்று எழுதியிருந்தால் அது எந்த வாத்தியார் என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், தொகை, திகதி என்று புதுக் கொப்பிக்கு மாற்றி, அடுத்த அறுவடைக்கு இளையவரையே வசூலுக்கு அனுப்புங்கள். விவசாயி அவர் கையில் காசு கொடுத்துப் பழகுவதுதான் உண்மையான கைமாற்றம். கூலிக்குக் குற்ற வந்த நெல்லை உங்கள் நெல்லோடு ஒரே அட்டியில் அடுக்காதீர்கள். ஒவ்வொரு மூடையிலும் பெயர்ச்சீட்டு இருக்கட்டும். இல்லாவிட்டால் ஊரார் நெல்லும் உங்கள் சொத்துக் கணக்கில் அகப்படும்.

இளையவருக்கு இந்த மாதமே சம்பளம் போடுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) அவரிடமிருந்து 8 வீதம், மில்லிலிருந்து 12 வீதம், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு (ETF) மில்லிலிருந்து 3 வீதம். கூலியாட்கள் இருந்தால் அவர்களுக்கும் இதே கணக்கு. மேசை லாச்சியிலிருந்து வீட்டுச் செலவுக்கு எடுப்பதும் நிற்க வேண்டும். மாதம் ஒரு தொகை என்று நீங்களும் சம்பளமாகவே எடுங்கள்.

கலர் சோட்டர் கடைசியில். குத்தகை பதிந்து, கம்பனிக் கணக்கில் ஒரு பெரும்போகமும் ஒரு சிறுபோகமும் போன பிறகு வங்கிக்குப் போங்கள். நெல் வாங்கும் காசில் இயந்திரம் வாங்கினால் அறுவடை நேரத்தில் சோட்டர் இருக்கும், அதில் போட நெல் இருக்காது.