வயிற்றைச் சுருக்கிய பிறகு பசி எங்கே போகிறது? சேலம் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு வரும் பசி, சாப்பாடு பற்றி மட்டும் கேட்கச் சொல்லியிருந்தேன். உணவு ஆலோசனை என் வேலை. கத்தி பிடிப்பது என் வேலை இல்லை. கீழே ‘ஸ்லீவ்’ என்று வந்தால், இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பாகத்தை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழம் போல ஒரு குழாயாக விடுவது. ‘பைபாஸ்’ என்றால், மேலே சுமார் 30 மில்லி கொள்ளும் சின்னப் பை ஒன்றை ஒதுக்கி, அதைச் சிறுகுடலோடு நேராக இணைப்பது.

அம்மாபேட்டையிலிருந்து: மேடம், ஸ்லீவ் பண்ணி அஞ்சு வாரம் ஆகுது. பசிங்கறதே இல்லை. நேத்து மதியம் மூணு மணிக்குத்தான் காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடலைன்னு ஞாபகமே வந்துது. எடை நல்லா இறங்குது. இப்படியே விட்டுடலாமா?

விடக்கூடாது. உங்களுக்கு இப்போது பசி இல்லாததுதான் ஆபத்து. உணவு உள்ளே போகாவிட்டால் உடம்பு கொழுப்பை மட்டும் கரைக்காது, தசையையும் சேர்த்துத் தின்னும். மூன்றாம் நான்காம் மாதத்தில் முடி கொத்துக்கொத்தாகக் கொட்டுகிறது என்று வருகிறவர்களில் பலர் இந்த ஐந்தாம் வாரத்தில் சாப்பிட மறந்தவர்கள்.

பசியை நம்பாதீர்கள், கடிகாரத்தை நம்புங்கள். ஒரு நாளைக்கு 60 கிராம் புரதம் குறைந்தபட்சம். உங்கள் கட்டத்துக்கு ஒரு நாள் இப்படி இருக்கலாம்: காலை 7 மணிக்கு 100 மில்லி பாலில் 15 கிராம் புரதம் தரும் அளவு புரோட்டீன் பவுடர். ஒன்பதரைக்கு நன்றாக மசித்த அவித்த முட்டை ஒன்று. பன்னிரண்டரைக்கு மூன்று மேஜைக்கரண்டி கடைந்த பருப்பும் முள் எடுத்து மசித்த மீன் 30 கிராமும். மூன்றரைக்கு 100 கிராம் தயிர். ஐந்தரைக்கு மறுபடி பாலும் பவுடரும். எட்டு மணிக்கு உதிர்த்த பன்னீர் 40 கிராம். எல்லாம் சேர்ந்து 60 கிராம் தாண்டும். மீன் ஆகாது என்றால் அந்த இடத்தில் இன்னொரு முட்டை.

தண்ணீர் ஒன்றரை லிட்டர். மொத்தமாகக் குடிக்க முடியாது. ஒரு மடக்கு 15 மில்லி என்றால் நூறு மடக்கு. பாட்டிலைக் கையிலேயே வைத்திருங்கள். சாப்பாட்டோடு மட்டும் குடிக்காதீர்கள். சாப்பிட்டு முடித்து அரை மணி நேரம் கழித்துத்தான்.

சூரமங்கலத்திலிருந்து: எனக்கு அப்படியே தலைகீழ். ஸ்லீவ் பண்ணி பன்னெண்டாவது நாள், வயிறு கடகடன்னு கத்துது, நெஞ்சுக்குக் கீழே காந்துது, அகோரப் பசி. ஆபரேஷன் சரியா பண்ணலையோ?

அது பசி இல்லை, அமிலம். ஸ்லீவ் குழாயில் அழுத்தம் அதிகம் என்பதால் அமிலம் மேலே ஏறும். காந்தலைப் பசி என்றுதான் மூளை படிக்கும். ஒரு சோதனை: இரண்டு மடக்கு வெதுவெதுப்பான தண்ணீர் குடித்துப் பத்து நிமிடம் பாருங்கள். அடங்கினால் பசி இல்லை. அமிலத்துக்குக் கொடுத்த மாத்திரையை ‘நல்லாத்தானே இருக்கேன்’ என்று நீங்களாக நிறுத்திவிட்டீர்களா? பெரும்பாலும் அங்கேதான் கோளாறு. முட்டி வலிக்கு டைக்ளோபினாக் போட்டிருந்தால் இன்றோடு நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். காந்தலோடு காய்ச்சலோ, நாடித்துடிப்பு 120-ஐ நெருங்குவதோ, இடது தோள் வலியோ இருந்தால் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் ஆபரேஷன் செய்த இடத்துக்கு உடனே போங்கள். தையலில் கசிவு இருக்கலாம்.

அஸ்தம்பட்டி, கல்லூரி மாணவர்: பசி ஹார்மோன் சுரக்கிற இடத்தையே வெட்டி எடுத்துடறாங்கன்னா, ஸ்லீவ் பண்ணினவங்களுக்கு வாழ்நாள் முழுக்கப் பசிக்காதா?

நல்ல கேள்வி. கிரெலின் என்ற அந்த ஹார்மோனை 1999-ல் ஜப்பானில் கோஜிமா, கங்காவா குழுவினர் எலியின் இரைப்பையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அது அதிகம் சுரப்பது இரைப்பையின் மேல்குவட்டில். ஸ்லீவில் வெட்டிப் போவது அந்தக் குவடுதான். அதனால் ரத்தத்தில் கிரெலின் சட்டென்று இறங்குகிறது. ஆனால் மிச்ச இரைப்பையிலும் சிறுகுடலின் தொடக்கத்திலும் கொஞ்சம் சுரக்கத்தான் செய்யும். பூஜ்யம் ஆகாது.

பட்டினி கிடந்து எடை குறைத்தால் கிரெலின் ஏறும். டயட்டில் பத்துக் கிலோ குறைத்தவருக்கு முன்னைவிட அதிகம் பசிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்; மன உறுதி இல்லை என்று அவரைத் திட்டிப் பயனில்லை. அறுவை சிகிச்சையில் எடை குறைந்தும் பசி ஏறாமல் இருக்கிறது, விசேஷமே அதில்தான். பைபாஸில் கிரெலின் பற்றிய முடிவுகள் ஆய்வுக்கு ஆய்வு மாறுகின்றன. அங்கே பெரிய வேலை செய்வது சிறுகுடலின் கீழ்ப்பகுதி. சாப்பாடு சீக்கிரமே அங்கே போய்ச் சேர்வதால், ‘போதும்’ என்று மூளைக்குச் சொல்லும் ஜிஎல்பி-1, பிஒய்ஒய் இரண்டும் சாப்பிட்டவுடன் பல மடங்கு ஏறுகின்றன. ஸ்லீவிலும் இது நடக்கும், சற்றுக் குறைவாக. ஆகவே, வயிறு சின்னதாகிவிட்டது, அதனால் குறைவாகச் சாப்பிடுகிறார்கள் என்பது பாதிக் கதைதான்.

ஓமலூரிலிருந்து: பத்து மாசம் கழிச்சுப் பசி திரும்பி வந்துடுச்சுங்க. பயமா இருக்கு.

வர வேண்டியதுதான் வந்திருக்கிறது. ஆறாம் மாதத்திலிருந்து ஒன்றரை வருடத்துக்குள் பெரும்பாலானவர்களுக்கு ஓரளவு பசி திரும்பும். பார்க்க வேண்டியது பசி வந்ததா என்பதை அல்ல, எவ்வளவில் அடங்குகிறது என்பதை. ஒரு முட்டையும் ஒரு இட்லியும் சாம்பாரும் உங்களை மூன்று மணி நேரம் நிறுத்தி வைக்கிறதா? அப்படியானால் ஆபரேஷன் வேலை செய்துகொண்டிருக்கிறது. இன்னொன்று, நிறைவின் அடையாளம் இப்போது மாறியிருக்கும். பழைய மாதிரி வயிறு கனக்காது. மூக்கு ஒழுகும், விக்கல் வரும், ஒரு தும்மல், ஒரு பெருமூச்சு. அந்த இடத்தில் தட்டை நகர்த்திவிடுங்கள். அதற்கு மேல் ஒரு வாய் போனால் நுரை நுரையாக எச்சில் பொங்கி வெளியே வரும்.

செவ்வாய்பேட்டையிலிருந்து: எனக்கு எட்டாவது மாசமே பசிக்குதே?

ஓமலூர்க்காரருக்குச் சொன்னதேதான்.

ஆத்தூரிலிருந்து: உடம்புக்கு முடியாதவங்களுக்கு ஜவ்வரிசிக் கஞ்சிதான் நம்ம ஊரு வழக்கம். ஆபரேஷன் ஆன எங்க அண்ணிக்கு தினமும் மூணு வேளை குடுக்கறோம். ஆனா ரெண்டு மணி நேரத்துல பசிக்குதுங்கறாங்க. ஏன்?

கஞ்சியில் பசியை நிறுத்தும் சரக்கு இல்லை, அதனால். ஜவ்வரிசி என்பது குச்சிக்கிழங்கிலிருந்து (மரவள்ளி) எடுத்த மாவுச்சத்து. கிட்டத்தட்ட வேறெதுவும் இல்லை. 100 கிராம் ஜவ்வரிசியில் 350 கலோரி இருக்கும், புரதம் 1 கிராம்கூடத் தேறாது. கஞ்சியாகக் காய்ச்சினால் குழாய் வழியே வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். சர்க்கரை போட்டிருந்தால் இன்னும் மோசம். மூன்று வேளையும் அதுவே என்றால் அண்ணியின் சின்ன வயிற்றில் புரதத்துக்கு இடமே விடவில்லை என்று பொருள். இன்றே மாற்றுங்கள்.

அதே ஆத்தூர்: எங்க குடும்பமே சேகோ மில்லுங்க. சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடே கிடைச்சிருக்கு. நீங்க இப்படிப் பேசினா எப்படி?

குறியீட்டை நான் மறுக்கவில்லை. 1981-லிருந்து ஜவ்வரிசி ஆலைக்காரர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு ஜவ்வரிசியைப் பழிக்க எனக்குத் துணிச்சலும் இல்லை. ஆனால் குறியீட்டில் புரதம் எத்தனை கிராம்? கல்யாணப் பாயசத்துக்கு ஜவ்வரிசி வேண்டும்தான். ஐந்தாறு கரண்டி மட்டுமே கொள்ளும் வயிற்றுக்கு அது வாடகை தராத குடித்தனம்.

ராசிபுரத்திலிருந்து (இடையில் புகுந்து): பால்ல காய்ச்சினா?

150 மில்லி பாலில் 5 கிராம் புரதம். அது பாலின் புரதம். பாலை மட்டும் குடிக்கலாமே.

மாணவர் மறுபடி: மேடம், சமைச்சு ஆற வச்ச மாவுச்சத்துல கொஞ்சம் செரிக்காத ஸ்டார்ச்சா மாறும், அது பெருங்குடல்ல புளிச்சு ஜிஎல்பி-1 ஏறும்னு படிச்சேன். அப்ப ஆறின ஜவ்வரிசி நல்லதுதானே?

ஆத்தூர்க்காரர் உங்களுக்கு டீ வாங்கித் தர வேண்டும். வழிமுறை சரி. அளவுதான் உதைக்கிறது. ஐந்து வார ஸ்லீவ்காரர் அதிகம் போனால் நாலு கரண்டி சாப்பிடுவார். அதில் செரிக்காத ஸ்டார்ச் எவ்வளவு தேறும்? ஆபரேஷனே ஏற்றிவிட்ட ஜிஎல்பி-1-க்கு முன்னால் அது ஒரு பொருட்டில்லை. புரதத்தை விட்டுக்கொடுத்து அதை வாங்குவது நஷ்ட வியாபாரம். ஒரு வருடம் கழித்து, வேர்க்கடலை தாராளமாகப் போட்டு, கால் கப் ஜவ்வரிசி உப்புமா சாப்பிடட்டும். அதுவரை மில்காரர்கள் கோபித்தாலும் என் பதில் இதுதான்.

தாரமங்கலத்திலிருந்து: அப்போ கம்பங்கூழ்?

மோர் கலந்து, இரண்டாம் மாதத்துக்கு மேல். புரதம் முதலில். ஜவ்வரிசியைவிட எவ்வளவோ மேல். ஜவ்வரிசிப் பஞ்சாயத்து இத்துடன் முடிந்தது.

மேட்டூரிலிருந்து: பைபாஸ் ஆகி ஒன்றரை மாசம். பத்து நாளா எது சாப்பிட்டாலும் வாந்தி. பசியும் இல்லை, காலு மரத்துப் போன மாதிரி இருக்கு. எந்தச் சாப்பாடு ஒத்துக்கும்?

சாப்பாட்டுக் கேள்வியே இல்லை இது. இன்றே மருத்துவமனைக்குப் போங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள். வாந்தி தொடர்ந்தால் தயமின் என்ற பி1 சத்து இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். கால் மரப்பு அதன் அறிகுறி. அடுத்து கண் ஆடும், பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும், பேச்சு குழம்பும். சில பாதிப்புகள் பிறகு திரும்பாது. போனதும் முதல் வார்த்தையாக ‘பைபாஸ் ஆனவர், பத்து நாள் வாந்தி, குளுக்கோஸ் டிரிப் ஏற்றுவதற்கு முன் தயமின் ஊசி போடுங்கள்’ என்று சொல்லுங்கள். தயமின் இல்லாமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் நிலைமை இன்னும் கெடலாம். கூடப் போகிறவரும் இதை மனப்பாடம் செய்துகொள்ளட்டும்.

ஏற்காட்டிலிருந்து: எஸ்டேட் வேலை, வீட்டுக் காபி. ஒரு டம்ளர் குடிச்சா மதியம் வரைக்கும் பசி எடுக்காது. நல்லதுதானே அக்கா?

கெட்டது. காபி பசியைச் சிறிது நேரம் மழுப்பும், அமிலத்தையும் தூண்டும். காலைப் புரதம் போய்விடும். முதல் ஒரு மாதம் தொடவே வேண்டாம். அப்புறம் முட்டை சாப்பிட்டு அரை மணி கழித்து அரை டம்ளர், சர்க்கரை இல்லாமல். இரும்புச் சத்து மாத்திரைக்கும் காபிக்கும் இரண்டு மணி நேர இடைவெளி. இரும்புக்கும் கால்சியத்துக்கும் அதே இரண்டு மணி. இரண்டு மூன்று மாதத்துக்குள் மலையிறங்கி ஏறுவதானால், இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் முன்னால் வயிற்றை நிரப்பாதீர்கள். கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே சாப்பாடு முடிந்திருக்கட்டும்.

சேலம் குகைப் பகுதியிலிருந்து: ஒரு இட்லிக்கு மேல இறங்கலை. ஆனா தட்டுவடை செட் (ரெண்டு தட்டைக்கு நடுவுல சட்னி, காய்த்துருவல் வச்சது) மட்டும் மூணு போகுது. வயிறு விரிஞ்சிருச்சா?

விரியவில்லை. மொறுமொறுப்பானது எச்சிலில் கூழாகி உடனே வடிந்துவிடும். சட்னி அதற்கு எண்ணெய் விட்ட மாதிரி. வயிறு நிறைந்த சேதி மூளைக்குப் போவதே இல்லை. முறுக்கு, சிப்ஸ், ஐஸ்கிரீம், பாயசம் எல்லாம் இந்த ஜாதி. எடை திரும்பி ஏறுவது முக்கால்வாசி இந்த வழியில்தான், தட்டு நிறையச் சோறு தின்று அல்ல. ஏழு மணிக்குக் கடைவீதியில் வருவது வயிற்றுப் பசியா என்று பார்க்க, ‘இப்போ ஒரு அவித்த முட்டை கொடுத்தால் சாப்பிடுவேனா?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். வேண்டாம், தட்டுவடைதான் வேண்டும் என்று வந்தால் கேட்பது வயிறு இல்லை.

பெயர் வேண்டாம் என்றவர்: பைபாஸ் ஆகி ரெண்டு வருஷம். மாம்பழ ஜூஸ் குடிச்சு ரெண்டு மணி நேரத்துல பயங்கரப் பசி, கை நடுக்கம், வேர்வை. இனிப்பு சாப்பிட்டா சரியாகுது. திரும்ப வருது.

அந்தப் பசி சர்க்கரை சரிந்ததால் வருவது. ஜூஸ் குடலில் ஒரே பாய்ச்சலாக இறங்குகிறது, இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரக்கிறது, ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் சர்க்கரை விழுகிறது. நீங்கள் இனிப்பால் தணிக்கிறீர்கள், அதே சுற்று மறுபடி. அடுத்த முறை குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் தண்ணீரில் கலந்து குடித்து, கால் மணி கழித்து மறுபடி பார்த்து, ஏறியதும் ஒரு முட்டையோ கைப்பிடி வேர்க்கடலையோ சாப்பிடுங்கள். குறிப்பேட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். மயக்கம் வந்திருந்தால் வண்டி ஓட்டாதீர்கள். மல்கோவா சீசனில் மூன்று துண்டு, புரதம் சாப்பிட்ட பிறகு, மென்று. ஜூஸ் வேண்டவே வேண்டாம்.

ஃபேர்லேண்ட்ஸிலிருந்து: இப்ப ஊசியே வந்துடுச்சே. ஆபரேஷன் எதுக்கு?

செமாகுளுடைடு ஊசி ஜிஎல்பி-1-ஐப் போலவே வேலை செய்யும், டிர்செபடைடு அதோடு இன்னொரு குடல் ஹார்மோனையும் சேர்த்துப் பிடிக்கும். பசி நன்றாகவே அடங்கும். நிறுத்தினால் பெரும்பாலும் பசியும் எடையும் திரும்பும். எது உங்களுக்கு என்பதைச் சர்க்கரை, எடை, மற்ற நோய்களைப் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: எந்த டாக்டர் நல்லவர்? எவ்வளவு ஆகும்?

பெயரும் சொல்ல மாட்டேன், விலையும் சொல்ல மாட்டேன்.

கேள்வி: பீர் மட்டும்?

முன்பு மூன்று செய்ததை இப்போது ஒன்று செய்யும், அதுவும் சீக்கிரம். பசி போன இடத்தில் குடி வந்து உட்காருவது உண்டு. வேண்டாம்.

கேள்வி: சாப்பிடறப்போ விக்குது, ஒரு டம்ளர் தண்ணி குடிச்சா?

விக்கல் என்றால் தட்டை நகர்த்தச் சொன்னேன். தண்ணீர் அரை மணி கழித்து.

சங்ககிரியிலிருந்து: ஸ்லீவ் ஆகி ஒரு வருஷம், பசி வந்துடுச்சு மேடம். ஃபெயில் ஆயிடுச்சா?

மூன்றாவது முறை. ஓமலூர் பதிலைப் படியுங்கள். படித்த பிறகும் சந்தேகம் என்றால், மூன்று நாள் என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், என்னென்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். மாத்திரைப் பட்டியலில் டைக்ளோபினாக் இருந்தால் மேலேயே எழுதுங்கள்.