தோட்டத்தை அடமானம் வைக்காதீர்கள் அம்மா

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். ஒரு ஏக்கர் தேயிலை, வீட்டு மாடியில் இரண்டு அறை ஹோம்ஸ்டே. மகன் பிளஸ் டூவில் கணக்கையும் இயற்பியலையும் தட்டுத்தடுமாறித் தாண்டியிருக்கிறான். கோவை மாமா நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசி முடித்துவிட்டார். நான்கு வருடத்துக்கு எட்டு லட்சம். “தோட்டத்தை வைத்துப் பணம் புரட்டலாமா சார்?” பயப்படாதீர்கள் என்று இரண்டு நிமிடம் ஆறுதல் சொல்லிப் பார்த்தேன். அதற்கு மேல் எனக்கு வரவில்லை.

வைக்காதீர்கள் அம்மா. பச்சைத் தேயிலை விலை எப்படி ஏறி இறங்கும் என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். அதை நம்பி, பையன் வேண்டாம் என்கிற படிப்புக்கு எட்டு லட்சமா? தவணை கட்ட மாமா வரப்போவதில்லை.

பேச்சோடு பேச்சாக நீங்களே ஒன்று சொன்னீர்கள். 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வர இ-பாஸ் என்று ஆனதும், அதை எடுப்பது எப்படி என்று உங்கள் ஹோம்ஸ்டே தளத்தில் பையன் ஒரு பக்கம் எழுதிப் போட்டான். அதைத் தேடி வந்தவர்களில் சிலர் அறையும் போட்டார்கள். நீங்கள் அதைப் ‘போனை நோண்டுவது’ என்கிறீர்கள். வெளியே அதற்குப் பெயர் எஸ்.இ.ஓ. விளம்பரத்துக்குக் காசு கட்டாமல், கூகுளில் தேடுகிறவர் கண்ணில் ஒரு தளம் முன்னால் படும்படி செய்கிற வேலை. அதற்குச் சம்பளம் உண்டு.

அன்றைக்கே உங்கள் தளத்தைத் திறந்து பார்த்தோமே, முதல் பக்கத்தின் தலைப்பு வெறும் ‘ஹோம்’. அதைப் பார்த்துக் கூகுளுக்கு என்ன புரியும்? ‘கோத்தகிரியில் குடும்பத்தோடு தங்க வீடு’ என்று மாற்றலாம் என்றான் பையன், நான் கேட்காமலே. படங்களெல்லாம் போனில் எடுத்தபடியே ஏற்றியவை, ஒவ்வொன்றும் ஐந்து எம்.பி. மலையேறும்போது சிக்னல் ஒரு கோடுதான் காட்டும், யார் காத்திருப்பார்? பக்கத்தின் பெரிய படமோ எழுத்தோ 2.5 வினாடிக்குள் தெரிந்தால்தான் கூகுள் அதை நல்ல வேகம் என்கிறது. அப்புறம் சர்ச் கன்சோல் என்று கூகுளின் கருவி ஒன்று. இலவசம்தான். என்ன தேடியவர்களுக்கு உங்கள் பக்கம் தெரிந்தது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்று 16 மாதக் கணக்கு அதில் கிடக்கும். தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் அடித்துத் தேடுகிறவர்களும் அதில் தெரிவார்கள். அவர்கள் என்ன நினைத்து அப்படி அடித்தார்கள் என்று யோசிக்கத் தெரிந்தவனுக்குத்தான் இந்த வேலை. உங்கள் பையன் யோசிக்கிறான்.

கஷ்டமும் இருக்கிறது. செய்த மாற்றத்துக்குப் பலன் தெரியவே பல மாதம் ஆகலாம். இப்போது கூகுளே ஏ.ஐ. வைத்துப் பதிலை மேலே எழுதிவிடுவதால், தளத்துக்குள் வராமலே போகிறவர்களும் உண்டு. ஒரே சொல்லைத் திணிப்பது, காசு கொடுத்து மற்ற தளங்களில் நம் தளத்துக்கு லிங்க் போடவைப்பது மாதிரியான குறுக்குவழிகளுக்குக் கூகுள் 2012-லேயே தன் தேடல் முறையில் செய்த பெங்குயின் என்ற மாற்றத்தால் அடி கொடுத்துவிட்டது. ஆரம்பச் சம்பளமும் மாமா சொல்கிற ஐ.டி. சம்பளம் போல இருக்காது.

அதற்காக ‘மூன்றே மாதத்தில் எஸ்.இ.ஓ., வேலை உத்தரவாதம்’ என்கிற பயிற்சி மையத்திலும் ஐம்பதாயிரத்தைக் கொட்ட வேண்டாம். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே சொல்கிறது. தொடக்கநிலைக் கையேட்டையும் அதுவே இலவசமாக வைத்திருக்கிறது. அவன் கேட்கிற பி.ஏ. ஆங்கிலத்தை ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் படிக்கட்டும், வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வரலாம். மாலையில் உங்கள் தளம்தான் அவனுக்குப் பட்டறை. டிகிரி முடிக்கும்போது மூன்று வருடம் செய்த வேலையைக் காட்டி வேலை கேட்கலாம்.

மாமாவின் நம்பரை அனுப்புங்கள், நானே பேசுகிறேன். அரசுக் கல்லூரி விண்ணப்பம் இணையத்தில்தான். கடைசித் தேதியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.